ஒன்று விழுந்தால் தாயம்

போன வாரம் உன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. போஸ்ட்மேன் வழக்கம்போல அதை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டு, "அவங்கதான் இல்லியே, திருப்பி அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். "குடுங்க, இருக்காங்க" என்று வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

உறையைக் கிழித்ததும் அந்த வாசனை வந்தது. என் கடையில் எந்நேரமும் சூடான மைத்தூள் வாசனைதான். இது வேறு. பசையும் வழவழப்பான தாளும் கலந்து, புதுச் செருப்பு வாங்கிய டப்பாவைத் திறந்தாற்போல ஒன்று. கையை உள்ளே விடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் பிரெஞ்சுப் பத்திரிகை. நின்றுபோய்விட்டது, இனிமேல் வராது என்று பாரீசிலிருந்து உன் அண்ணன் சொன்ன அதே பத்திரிகை. அட்டையில் ஒரு பெண் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். மேல் மூலையில் எண் 1 என்று போட்டிருக்கிறது.

உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அதைப் படிக்கிறவர்களே ஒன்றுகூடி மறுபடி கொண்டுவந்துவிட்டார்களாம். "ஆஸ்பத்திரியில இருந்துக்கினே சொன்னாம்மா. எப்படியும் அது திரும்ப வரும்ணா, என் பேரையும் சேத்து வையின்னா. உன் கடை அட்ரஸ்தான் குடுத்தா" என்றார். உன்னை நன்றாகத் திட்டினேன். கட்டிலில் படுத்துக்கொண்டு சந்தா கட்டத் தெரிந்த உனக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. அழுதேன். அந்த நேரம் பார்த்து ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்து நின்றார். வீணாய்ப்போன தாள் ஒன்றில் மூக்கைத் துடைத்துவிட்டு அவருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

நீ முதன்முதலில் இந்தக் கடைக்கு வந்ததும் காப்பி எடுக்கத்தான். பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்து, அதில் இருந்த கோட்டைப் படத்தைக் காட்டினாய். அறைகள், படிக்கட்டு, சுரங்கம் என்று கோடு கோடாகப் போட்டிருந்தது. "இன்னாங்க இது, வூட்டு ப்ளானா? பஞ்சாயத்துல அப்ரூவல் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது வெளயாட்டும்மா" என்றாய். "ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளா இருக்கணும். எதுர்ல ஒரு கதவு இருக்குது, நீ இன்னா செய்வேன்னு நான் கேப்பேன். நீ சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு உருட்டற கட்டை சொல்லும்."

'நீ என்ன செய்வாய்?' எனக்கு இரண்டு பிள்ளைகள், லாரி ஓட்டுகிற புருஷன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. அதுவரைக்கும் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கல்யாணம் பேசியபோதுகூடக் கேட்கவில்லை. காப்பிக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன்.

உன் கதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா. அந்த நாட்டிலேயே கழிந்த பள்ளிக்கூட நாட்கள். மாதாமாதம் அண்ணன் வாங்கிவரும் இந்தப் பத்திரிகை. அப்பா பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியபோது கூடவே வந்த ஒரு தகரப் பெட்டி. கள்ளக்குறிச்சி விதைக்கடைக் குடும்பத்துக்கு நீ மருமகளாக வந்தபோது சீரோடு அந்தப் பெட்டியும் வந்தது. இந்தக் கனம் கனக்கிறதே என்று உன் கொழுந்தனார் ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்து பார்த்தாராம். உள்ளே முழுக்கப் புத்தகம். அன்றைக்கு ஆரம்பித்தது அவருக்கு அந்தப் பெட்டி மேல் கடுப்பு.

அந்தப் பத்திரிகையின் சரித்திரத்தை நீ சொல்லும்போது, சொந்தக்காரர் வீட்டுக் கதை சொல்வது போலவே இருக்கும். முதலில் அது பத்திரிகையே இல்லையாம். பொம்மைச் சிப்பாய்களை மேசை மேல் நிறுத்திச் சண்டை விளையாடும் நாலு பேர், தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட மடிப்புத் தாள்களாம். அப்புறம் ஒரு பெரிய கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையக் கடைகளில்கூடத் தொங்கியது. ஒவ்வொரு இதழிலும் ஆடுவதற்கு ஒரு கதை, ஒரு வரைபடம், சந்தேகம் கேட்கிறவர்களுக்குப் பதில். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவர்கள் குறைந்து, எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. போய்வருகிறேன் என்றுகூட ஒரு வரி இல்லாமல் நின்றுபோயிற்று. வேறு யாரோ எடுத்தார்கள். எண் 1 என்று போட்டு வந்தது. அதுவும் நின்றது. இன்னொருத்தர் எடுத்தார். மறுபடியும் எண் 1.

"விட்ட எடத்துல இருந்து நம்பர் போட்டா இன்னா கொறஞ்சா போயிடும்?" என்று நான் கேட்டேன். நீ சொன்னாய்: "செத்துப் பொழச்சவனுக்கு வயசு மறுபடி ஒண்ணுல இருந்துதான்டி."

என் கடையின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தோம். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும், புருஷன்மார் தூக்கத்திலோ வேலையிலோ இருப்பார்கள். நான், வெள்ளிமலைப் பக்கம் அங்கன்வாடி டீச்சராக இருந்த மல்லிகா, தியாகதுருகத்தில் கரும்பு போட்டிருந்த சகுந்தலா, அவள் நிலத்திலேயே கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அம்சா. மல்லிகா மீட்டிங் என்று சொல்லி மலையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். நீ கதை சொல்கிறவள்.

முதல் நாள் அம்சா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். "அம்மா எதுர்ல எப்படிங்க" என்று கதவோரமே நின்றாள். சகுந்தலாவும் வாயைத் திறந்து உட்கார் என்று சொல்லவில்லை. நீ யாருக்கும் எதுவும் புத்தி சொல்லவில்லை. ஆளுக்கொரு வேஷம் கொடுத்தாய். அம்சாவுக்குத் தளபதி. சகுந்தலாவுக்கு அந்தத் தளபதியின் குதிரைக்காரன். "மேசைக்கு வந்துட்டா வேஷத்துப் பேரைச் சொல்லித்தான் கூப்புடணும். சொந்தப் பேரைச் சொன்னா ஆட்டம் போச்சி" என்றாய். சகுந்தலா முகத்தை மூன்று கோணலாக்கிக்கொண்டு, "தளபதியாரே, ஒக்காருங்க" என்றாள். அம்சா உட்கார்ந்தாள். இதெல்லாம் விளையாட்டு என்று உன் கொழுந்தனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குத்தான் அந்தச் சண்டையும் வந்தது. உன்னிடம் இருந்தது இருபது பக்கம் உள்ள நீலக் கட்டை. நாங்கள் அதற்கு இருபது மூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். தளபதி வாளை ஓங்குகிறாள். அம்சா கட்டையை உள்ளங்கையில் குலுக்கி, ஊதி, உருட்டினாள். ஒன்று விழுந்தது. "தாயம்!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். நாங்களும் சேர்ந்து கத்தினோம். நீ உதட்டைப் பிதுக்கி, "ஐயோ, இதுல ஒண்ணுதான் இருக்கறதுலயே மோசம். வாள் கை நழுவிக் கீழ உழுந்துடுச்சி" என்றாய்.

அம்சா ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னாங்க சொல்றீங்க? தாயம் உழாம காயே உள்ள எறங்காதே. ஒண்ணு உழுந்தாத்தானே ஆட்டமே ஆரம்பிக்குது? அது எப்படிங்க மோசமாவும்?"

பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்து வைத்த விதியை நீ பிரித்துக் காட்டினாய். "அவங்களுக்குத் தாயம் ஆடத் தெரியாதுன்னா அதுக்கு நாம இன்னா பண்றது?" என்றாள் அம்சா. சகுந்தலா, அந்தச் சகுந்தலா, "தளபதியார் சொல்றதுதான் நாயம்" என்றாள். நீ ஒரு நிமிஷம் எங்கள் முகங்களைப் பார்த்தாய். புத்தகத்தை மூடி வைத்தாய். அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒன்றுதான் உச்சம். ஒன்று விழுந்தால் கதவு திறக்கும், கட்டு அவிழும், கூடவே இன்னொரு முறை உருட்டலாம்.

நீ அதை எழுதிப் பத்திரிகைக்கே அனுப்பினாய். சில மாதம் கழித்து, வாசகர் பக்கத்தின் மூலையில் சின்னதாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நீ தமிழில் சொல்லச் சொல்ல அம்சா மூன்று தடவை கேட்டாள். நம் ஊர்ப் பெயரைப் பிழையாகத்தான் போட்டிருந்தார்கள். இருந்தாலும் எங்கோ ஒரு பிரெஞ்சுக்காரன், ஒன்று விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியிருப்பான் என்று பேசிப் பேசிச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில்தான் நமக்கும் ஒரு பத்திரிகை வேண்டும் என்ற கிறுக்குப் பிடித்தது. ஜெராக்ஸ் மெஷின் என்னுடையது, வாய் உன்னுடையது. நீ சொல்ல நான் கம்ப்யூட்டரில் தட்டினேன். நாலு தாளை மடித்து நடுவில் பின் அடித்தோம். பெயர் 'இருபது மூஞ்சி'. உள்ளே உளுந்தூர்பேட்டை ரோட்டில் டிரைவர் இல்லாமல் ஓடும் லாரியின் கதை இருந்தது. திருநாவலூரில் காணாமல் போன மாட்டைத் தேடும் கதை இருந்தது. கல்வராயன் மலை அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைக்கு மல்லிகா வரைபடம் போட்டாள். மலையிலுள்ள அங்கன்வாடிகளுக்கு அவளே பையில் போட்டு எடுத்துப் போவாள். கல்லூரிப் பெண்கள் சாதிச் சான்றிதழைக் காப்பி எடுக்க வரும்போது நான் உள்ளே ஒன்றைச் செருகிவிடுவேன். அடுத்த தடவை அவர்களே கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொம்பளைங்க கட்டை உருட்டுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க உருட்டலாம், மற்ற நாளில் உருட்டினால் வீடு விளங்காது என்றார்கள். உன் கொழுந்தனார் ஞாயிறு தவறாமல் பம்ப் செட்டுக் கொட்டகையில் ரம்மி ஆடுகிறவர். அது பொழுதுபோக்காம். ஒருநாள் இதை நான் அவரிடமே கேட்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்து, "வுடு. வந்தவங்களுக்குத்தான் கதை" என்றாய். யாராவது ஒரு வாரம் வராமல் போய், மறுவாரம் வந்து என்ன நடந்தது என்று கேட்டாலும் இதே பதில்தான். சகுந்தலா தன் குதிரை எப்படிச் செத்தது என்று தெரிந்துகொள்ள என்னிடம் பலகாரம் கொடுத்துக்கூடப் பார்த்தாள். நான் சொல்லவில்லை.

கடைசியாக நாம் ஆடிய கதை தியாகதுருகம் மலைக்கோட்டையில் நடப்பது. சகுந்தலா தினம் பார்க்கிற மலைதான். நீ சொன்ன பிறகு அவளுக்கே அது புதிதாகத் தெரிந்ததாம். மேலே ஏறி, பீரங்கியைத் தாண்டி, வெடிமருந்து அறைக்குள் இறங்கி, ஓர் இரும்புக் கதவுக்கு எதிரே நாலு பேரும் நின்றோம். மல்லிகா கதவில் கை வைத்தாள். நீ அவள் கையில் கட்டையைக் கொடுத்தாய். அந்த நேரம் பார்த்து வெள்ளிமலை பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அவளுக்கு வேறு பஸ் கிடையாது. "அடுத்த வாரம் உருட்டிக்கலாம், கதவு எங்கயும் ஓடிடாது" என்றாய்.

அடுத்த வாரம் நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தாய். கிட்னி என்றார்கள். நான் பார்க்க வந்தபோது உன் முகம் வீங்கி, விரலில் மோதிரம் அழுந்திக் கிடந்தது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "அந்தக் கதவுக்குப் பின்னாடி இன்னா இருக்குது, சொல்லேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "வந்தவங்களுக்குத்தான் கதை" என்றாய். வீட்டுக்கு வந்து சொல்வாய் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நீ வரவில்லை.

காரியத்தன்று உன் கொழுந்தனார் கட்டைகள் இருந்த சுருக்குப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடியிருந்தவர்கள் காதில் விழும்படி, "இதுதான் அண்ணிய முழுங்குச்சி. கோமுகி ஆத்துல போட்டுத் தலை முழுவிட்டு வரேன்" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. கிட்னிக்கும் கட்டைக்கும் என்ன சம்பந்தம்? நடுக்கூடத்தில் எழுந்துபோய் கையை நீட்டினேன். "குடுங்க. அது எங்க ஆட்டம். இன்னும் முடியல" என்றேன். கூடம் முழுக்க என்னையே பார்த்தது. நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் பையை என் கையில் போடாமல் தரையில் போட்டார். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் உன் வீட்டுக்காரர் மொபெட்டில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். பழைய பேப்பர் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார்களாம். "வெச்சிக்கோங்க" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

பெட்டியும் கட்டையும் வந்துவிட்டன. ஆட்கள் வரவில்லை. சகுந்தலாவை வீட்டில் தடுத்துவிட்டார்கள். கட்டை ஆள் விழுங்கும் என்ற பேச்சு மலை வரைக்கும் ஏறிவிட்டது. மல்லிகா போனில் பேசினாள், வரவில்லை. அம்சா மட்டும் வியாழக்கிழமைகளில் வந்து, கதவோரம் நின்று, பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். நீ போனதோடு எல்லாம் போய்விட்டது என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் போன வாரம் அந்தத் தபால் வந்தது. மூலையில் 1.

அது என்னைப் பார்த்துக் கேட்டது, நீ என்ன செய்வாய் என்று.

அன்றைக்கே உட்கார்ந்து தட்டினேன். 'இருபது மூஞ்சி', எண் 1. பழைய எண்ணைத் தொடரவில்லை. உள்ளே உனக்கு அஞ்சலி இல்லை, உன் போட்டோவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. கோட்டையின் வரைபடமும் அதன் கீழே ஒரு வரியும்தான்: கதவு இன்னும் திறக்கவில்லை, வியாழக்கிழமை இரண்டு மணி, கடை வாசல். மலைக்குப் போகிற பஸ் கண்டக்டரிடம் மல்லிகாவுக்கு ஒரு கட்டுக் கொடுத்தேன். சகுந்தலாவுக்கு அம்சாவிடம் கொடுத்தேன். "வாசல்லியா? ரோட்லியா?" என்றாள் அம்சா. ஆமாம், ரோட்டில்தான். திரைக்குப் பின்னால் ஆடியதால்தானே அதற்கு இத்தனை கதை கட்டினார்கள்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை. மேசையை வாசலில் போட்டு, நீல விரிப்பு விரித்து, நாலு நாற்காலி வைத்தேன். நீ உட்காரும் நாற்காலியைச் சும்மா வைத்து மாலை போடுகிற வழக்கமெல்லாம் எனக்கு வேண்டாம். அதில் நானே உட்கார்ந்தேன். அம்சா வந்து, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். மல்லிகா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். இரண்டு மணி தாண்டிப்போயிற்று. சகுந்தலா வரமாட்டாள் என்று நினைத்து ஆரம்பிக்கப் போனபோது, ஆட்டோவிலிருந்து இறங்கி, "குதுரைக்காரன் இல்லாம தளபதி எப்படிப் போவாரு?" என்றபடி உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே உன் கொழுந்தனாரும் வந்து நின்றார். "அண்ணி போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள நடு ரோட்ல கட்டையா? இன்னும் எத்தினி பேரை முழுங்கணும்?"

சகுந்தலாவின் கை விரிப்பிலிருந்து நழுவி மடிக்குப் போவதைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்சா பேசினாள். "உருட்டினவங்க நாங்க நாலு பேரு உசுரோடதான் குந்திக்கினு இருக்கோம், பாருங்க. முழுங்கற கட்டைன்னா எங்கள ஏன் வுட்டுச்சி?"

"எங்க வூட்டுக்காரரு கட்டையத் தொட்டதே இல்லீங்க. அவருக்கு சுகரு ஜாஸ்தியா இருக்குது" என்றேன் நான். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். கொழுந்தனார் முகம் சிவந்தது. போய்விடுவார் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து, "ஒரு காப்பி எடுக்கணும். மெதுவா எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூணோரம் சாய்ந்துகொண்டார்.

நான் கோட்டைக்குள் போனேன். பீரங்கி, படிக்கட்டு, வெடிமருந்து அறை. என் குரல் உன் குரல் மாதிரி இல்லை. நீ இழுத்துச் சொல்கிற இடத்தில் நான் அவசரப்பட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. மல்லிகா பக்கம் திரும்பி, "கதவுல கை வெச்சிட்ட. நீ இன்னா செய்வே?" என்றேன். அவள் கட்டையைக் குலுக்கினாள், ஊதினாள், உருட்டினாள். அது விரிப்பைத் தாண்டி, மேசை ஓரத்தில் நான் வைத்திருந்த உன் பத்திரிகையின் விளிம்பில் இடித்து நின்றது.

ஒன்று.

"தாயம்!" என்று நாங்கள் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாண்டே திரும்பியது. உன் கொழுந்தனார் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போன சமயம், விதைக்கடையிலிருந்து அவருக்குப் போன் வந்தது. லோடு வந்து நிற்கிறதாம். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ரேஷன் கார்டை மெஷின் மேலேயே மறந்துவிட்டார்.

நேற்றுக் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றார். கார்டை வாங்கிக்கொண்டார். போகவில்லை. டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அந்தக் கதவுக்குப் பின்னாடி இன்னாதான் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வந்தவங்களுக்குத்தான் கதைங்க. வியாயக்கெழம ரெண்டு மணி" என்றேன்.

உன் கட்டை இப்போது என் இடுப்பில் இருக்கிறது. கடைச் சாவியும் அதுவும் ஒரே சுருக்குப்பையில். உன் நாற்காலி என்னிடம், உன் பெட்டி என்னிடம், உன் பெயருக்கு வருகிற பத்திரிகையும் என்னிடம்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு அன்றைக்கு என்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்றாயே, நினைவிருக்கிறதா? கதவு திறந்துவிட்டது. பின்னால் என்ன இருந்தது என்று நானும் உனக்குச் சொல்ல மாட்டேன்.

நீ வந்திருக்க வேண்டும்.